விடைப் பக்கம் இல்லாத புத்தகம்

செஸ் விளையாடத் தெரியுமா என்று யாராவது கேட்டால் தெரியாது என்றுதான் சொல்வேன். முழு ஆட்டம் ஆட எனக்குப் பொறுமை கிடையாது. முப்பத்திரண்டு காய்களையும் பரப்பிவிட்டு எதிரே ஒருவன் தாடையைத் தடவிக்கொண்டு உட்கார்ந்திருப்பதைப் பார்த்தாலே எரிச்சல் வரும். எனக்குப் பிடித்தது ஆட்டத்தின் கடைசி. வெட்டுப்பட்டவையெல்லாம் வெளியே போய், பலகையில் நாலைந்து காய்கள் மட்டும் மிச்சம் நிற்கும் கட்டம். படத்துக்குக் கீழே ‘வெள்ளை ஆடி வெல்ல வேண்டும்’ என்று ஒரு வரி இருக்கும். அந்த ஒரு வரிக்காக நான் சோறு தண்ணீர் இல்லாமல் கிடந்திருக்கிறேன்.

அதில் என்ன சந்தோஷம் என்று என் மனைவி நதியா கேட்பாள். சொல்லத் தெரியாது. முதலில் பார்த்தால் ஜெயிக்கப் பத்து வழி இருப்பதுபோல் தெரியும். ஒவ்வொன்றாகப் போய்ப் பார்த்தால் எல்லாமே அடைபட்டிருக்கும். இரண்டு நாள், மூன்று நாள் தலைக்குள் அந்த நாலு காயும் ஓயாமல் நடமாடும். பிறகு பல் தேய்க்கும்போதோ, பஸ்ஸில் கம்பியைப் பிடித்து நிற்கும்போதோ, யாருமே நினைக்காத ஒரு காய் யாருமே நினைக்காத ஒரு கட்டத்துக்குப் போகும். போனதும் மற்றதெல்லாம் தானாக அவிழும். அந்த நொடியில் எனக்குப் பசி இல்லை, வாடகை இல்லை, மேஸ்திரி இல்லை. உலகத்தில் ஒரு விஷயமாவது சரியாக முடிந்தது என்று ஒரு நிம்மதி. அந்த நிம்மதிக்கு நான் என்ன விலை கொடுத்தேன் என்பதையும், அதைக் கொடுத்தது நானில்லை என்பதையும்தான் இங்கே எழுதப் போகிறேன். ஒருவனிடம் நேரில் சொல்ல வேண்டிய விஷயம் இது. இன்னும் சொல்லவில்லை.

நான் ஜெபக்குமார். சொந்த ஊர் சாத்தான்குளம் பக்கம். திருப்பூரில் ஊத்துக்குளி ரோட்டில் ஒரு நிட்டிங் கம்பெனியில் ஆபரேட்டர். நிட்டிங் மெஷின் என்பது ஆள் உயரத்துக்கு வட்டமாக நிற்கும் இரும்பு. மேலே கோன்களிலிருந்து நூல் இறங்கும், நடுவே ஆயிரத்துச் சொச்சம் ஊசிகள் சுற்றிப் பின்னும், கீழே துணி குழாயாக இறங்கி ரோலாகச் சுருளும். நூல் அறுந்தால் மெஷின் தானே நின்றுவிடும். ஊசி உடைந்தால் நிற்காது. அது பாட்டுக்கு ஓடும், உடைந்த ஊசி இருந்த இடத்தில் துணி நெடுக ஒரு கோடு விழுந்துகொண்டே போகும். அதைக் கண்ணால்தான் கண்டுபிடிக்க வேண்டும். எங்களுக்குச் சம்பளம் கொடுப்பதே அந்தக் கண்ணுக்குத்தான்.

நாலாம் நம்பர் மெஷினில் எனக்கு மாற்று ஆள் பாண்டித்துரை. முதுகுளத்தூர்க்காரன். நான் பகல் என்றால் அவன் இரவு, அடுத்த வாரம் மாறிக்கொள்வோம். காலை எட்டு, மாலை எட்டு, கைமாற்றும்போது கால் மணி நேரம் சந்திப்போம். நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் மெஷின் கதவில் சாக்பீஸால் கட்டம் போட்டு ஒரு புதிரை எழுதி வைத்திருந்தேன். மறுநாள் வந்தால் பக்கத்தில் கோணல் எழுத்தில் ஒரு வரி. ‘அந்தச் சிப்பாயைத் தள்ளாதய்யா, குதிரை தின்னுரும்.’ பார்த்தால் நிஜமாகவே தின்றது. அன்றைக்குப் பிடித்த சிநேகிதம்.

புத்தகம் என்னுடையது. பழைய பேப்பர் கடையில் எடுத்தது. முன்னட்டை கிடையாது. முந்நூறு புதிர்கள் அச்சாகியிருந்தன, ஆனால் விடைகள் இருந்த பின்பக்கங்களை எந்தக் கடலைக்காரனோ கிழித்துப் பொட்டலம் கட்டியிருந்தான். நாம் கண்டுபிடித்தது சரியா தப்பா என்று சொல்ல ஆளில்லை. அதனால் பாண்டியும் நானும் ஒரு முறை வைத்துக்கொண்டோம். கண்டுபிடித்தவன் விடையைச் சொல்ல வேண்டும். மற்றவன் கறுப்புப் பக்கம் நின்று, ஒரு முழு ஷிப்ட் அதை உடைக்கப் பார்க்க வேண்டும். உடைக்க முடியாவிட்டால் மறுநாள் ‘சரி’ என்பான், பக்கத்தில் பென்சிலால் ஒரு டிக். அவன் சரி என்று சொன்னால் அதற்கு மேல் அப்பீல் கிடையாது. மூன்று வருஷத்தில் இருநூற்றுப் பதினாறு டிக் ஆனது.

இன்னொரு வழக்கத்தையும் சொல்லிவிடுகிறேன், கதையே அதில்தான் நிற்கிறது. ஷிப்ட் மாறும்போது பாதி ஓடிய ரோல் மெஷினில் இருக்கும். எதுவரை யார் ஓட்டியது என்று பின்னால் தெரிய வேண்டும். அதனால் வேலை முடித்துப் போகிறவன் மெஷினை நிறுத்தி, ஊசிக்குக் கீழே இறங்கும் துணியில் நாலு விரல் நீளம் சிவப்பு நூலை முடிச்சுப் போட்டுவிட்டுப் போக வேண்டும். ரோலைப் பிரிக்கும்போது நூலுக்கு முன்னால் இருப்பது அவன் பொறுப்பு, பின்னால் இருப்பது வந்தவன் பொறுப்பு. நூல் இல்லாவிட்டால், ரோலை இறக்கியவன் பெயரில் மொத்தமும் போய்விடும். ஜன்னலில் இதற்கென்றே ஒரு சிவப்பு நூல் கோன் இருக்கும்.

2008 தீபாவளிக்குப் பிறகு ஊர் படுத்துவிட்டது. அமெரிக்காவில் ஏதோ பேங்க் கவிழ்ந்ததாம், இங்கே பனியன் நின்றது. எங்கள் ஷெட்டில் எட்டு மெஷின். ஒவ்வொன்றாக நிறுத்தி, பாலிதீன் போட்டு மூடினார்கள். ஓடாத மெஷினைத் தாண்டி நடந்து போகும்போது சாவு வீட்டில் நடப்பதுபோல் காலை மெதுவாக வைப்போம். கடைசியில் எங்கள் நாலாம் நம்பர் மட்டும் ஓடியது.

முதலாளி திருமூர்த்தி, குன்னத்தூர்ப் பக்கம் தோட்டங்காட்டை விற்று மெஷின் போட்டவர். கோபத்தில்கூட மரியாதை குறையாமல் பேசுவார். டிசம்பர் முதல் வாரம் எங்கள் இரண்டு பேரையும் நிற்கவைத்துச் சொன்னார்.

“தை மாசத்துல இருந்து ஒரே ஷிப்ட்டுதானுங்க. ரெண்டு பேர்த்துல ஒருத்தரத்தான் வெச்சுக்க முடியும். என்னைய வையாதீங்க. இந்த மாசம் வேலையப் பாத்து முடிவு பண்றனுங்க.”

இரண்டு பேருமே கம்பெனி லைன் வீட்டில்தான் குடியிருந்தோம். வேலை போனால் வீடும் போகும். பாண்டியின் மகள் பத்தாம் வகுப்பு, மார்ச்சில் பரீட்சை. நதியாவுக்கு ஐந்தாம் மாதம். வெளியே வந்து இருவரும் டீ குடித்தோம். பாண்டிதான், “சரி, இருநூத்திப் பதினேழு என்னாச்சு?” என்றான்.

இருநூற்றுப் பதினேழாம் புதிர் எங்களை ஒரு வாரமாக ஆட்டி வைத்துக்கொண்டிருந்தது. வெள்ளைக்கு ராஜா, இரண்டு சிப்பாய். கறுப்புக்கு ராஜா, ஒரு யானை, நகர முடியாமல் முட்டி நிற்கும் ஒரு சிப்பாய். வெள்ளைச் சிப்பாய் ஒன்று கடைசிக் கட்டத்தைத் தொட்டால் ராணியாகிவிடும். ஆனால் எப்படிப் போனாலும் அந்த யானை குறுக்கே வந்து நின்றது. அந்த நாட்களில் எனக்கு வேறு நினைப்பே இல்லை. வேலை யாருக்குப் போகும் என்று யோசிக்க வேண்டியவன் யானை எங்கே போகும் என்று யோசித்துக்கொண்டிருந்தேன். அப்படி யோசிக்க எனக்கு வசதியாகவும் இருந்தது.

எட்டாம் தேதி எனக்குப் பகல் ஷிப்ட். சாயங்காலம் ஆறரைக்குப் புது ரோல் போட்டேன். ஏழு மணி வாக்கில் மெஷின் ஓரம் ஸ்டூலில் புத்தகத்தைப் பிரித்து வைத்து நின்றபடி பார்த்துக்கொண்டிருந்தபோது, வெள்ளை ராஜா முன்னால் போகாமல் ஒரு கட்டம் பின்னால் வந்தது. பின்னால் வர வேண்டும் என்று பதினோரு நாளில் ஒரு தடவைகூடத் தோன்றவில்லை. வந்ததும் யானைக்கு இடமில்லாமல் போனது. ஒன்று, இரண்டு, மூன்று, நாலாவதில் ராணி. எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. மறுபடி சரிபார்த்தேன். மறுபடி. எவ்வளவு நேரம் அப்படி நின்றேன் என்று எனக்குத் தெரியாது. நிமிர்ந்தபோது எட்டாகப் பத்து நிமிஷம். பாண்டி டிபன் பையோடு உள்ளே வந்துகொண்டிருந்தான்.

மெஷினை நிறுத்தினேன். ஜன்னலுக்குப் போய்ச் சிவப்பு நூலை அறுத்தேன். அறுத்தது நன்றாக நினைவிருக்கிறது.

“ஏ பாண்டி, கெடச்சிட்டு வே!” என்று கத்தினேன். “ராஜா பின்னால வருதான். பின்னால!”

புத்தகத்தை அவன் முன் நீட்டி, படத்தில் விரல் வைத்து நாலு நகர்த்தலையும் காட்டினேன். அவன் வாயைத் திறந்தபடி கேட்டான். “அடப்பாவி” என்றான். என் முதுகில் ஓங்கி ஒரு தட்டுத் தட்டினான். புத்தகத்தை மூடி அவன் கையில் திணித்து, “ராத்திரி பூரா உடைச்சுப் பாரு, முடிஞ்சா உடை” என்று சொல்லிவிட்டு வீட்டுக்கு வந்தேன். வாசலில் சிரித்துக்கொண்டே வந்து நின்றதாக நதியா சொன்னாள்.

மறுநாள் காலை போனதும் நான் கேட்ட முதல் கேள்வி, “என்ன, சரிதானே?”

பாண்டி முகம் கழுவாமல் நின்றான். என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தான். பிறகு, “சரிதான்யா” என்றான்.

அப்போதுதான் அவனுக்குப் பின்னால் செக்கிங் டேபிளில் ரோலைப் பிரித்துப் போட்டிருப்பதைப் பார்த்தேன். துணி நெடுக ஒரு கோடு. ராத்திரி ஒன்பது மணிக்கு ரோலை இறக்கியபோது பாண்டி பார்த்திருக்கிறான். பார்த்த உடனே மெஷினை நிறுத்தி ஊசி மாற்றியிருக்கிறான். அதற்குள் இருபத்திரண்டு கிலோ ரோலில் பாதிக்கு மேல் போயிருந்தது. இருந்த ஒரே ஆர்டரின் துணி அது, கப்பலுக்கு நாள் குறித்தது. பழனாயி என்ற செக்கிங் அம்மாள் கோடு தொடங்கும் இடத்தில் சாக்பீஸால் வட்டம் போட்டிருந்தாள். நான் பார்த்தேன். ரோலில் மூன்றில் ஒரு பங்கு தாண்டிய இடம். ஆறரைக்குப் போட்ட ரோல். மூன்றில் ஒரு பங்கு என்றால் ஏழேகால், ஏழரை. நான் வெள்ளை ராஜாவைப் பின்னால் கொண்டுவந்துவிட்டுச் சிலிர்த்து நின்ற நேரம்.

துணி முழுக்கத் தேடினேன். சிவப்பு நூல் இல்லை. அறுத்தேனே, எங்கே போட்டேன் என்று எவ்வளவு யோசித்தும் தெரியவில்லை. எங்கோ கீழே விழுந்திருக்கும் என்று நினைத்தேன்.

திருமூர்த்தி வந்தார். துணியைத் தொட்டுப் பார்த்தார். குரலை உயர்த்தவில்லை.

“ஏனுங்க பாண்டி, இந்த நேரம் பாத்தா இப்படிப் பண்ணுவீங்க? நூலுங்கூடக் காணோமுங்க. இதெப்ப ஆச்சு, சொல்லுங்க.”

பாண்டி தரையைப் பார்த்தான். ‘நூல் கட்டாதது நான்தான்’ என்று சொல்ல வேண்டும். வாக்கியம் தயாராக இருந்தது. நதியாவின் வயிறு கண் முன்னே வந்தது என்று பின்னால் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அது பொய். அப்போது எதுவும் கண் முன்னே வரவில்லை. வெறும் பயம். முதலாளி என் பக்கம் திரும்பி, “ஜெபக்குமாரு, நீங்க போறப்ப துணி நல்லா இருந்துச்சுங்களா?” என்று கேட்டார்.

“நல்லாத்தான் இருந்துச்சுங்க” என்றேன்.

பாண்டி தலையைத் தூக்கவில்லை. “நான் எறக்குன ரோலு. என் பேருதான்” என்றான்.

மாதக் கடைசியில் அவர்கள் கிளம்பினார்கள். பரீட்சை முடியும்வரை வீட்டில் இருந்துகொள்ளட்டுமா என்று அவன் மனைவி அபிராமி முதலாளி வீட்டு வாசலில் போய் நின்றாள். வாடகைக்கு வேறு ஆள் வருவதாகச் சொல்லிவிட்டார்கள். குட்டியானை வண்டியில் கட்டில், பீரோ, மகளின் புத்தக மூட்டை. அந்தப் பெண் வண்டியின் பின்னால் ஏறி, கால்களுக்கு நடுவே குடத்தை வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். என்னைப் பார்த்து, “வாரேன் மாமா” என்றாள். பாண்டி பையிலிருந்து புத்தகத்தை எடுத்துக் கொடுத்தான். “மிச்சத்தையும் போட்டு முடிய்யா” என்றான். நான் வாங்கி வைத்துக்கொண்டேன். வழிச்செலவுக்கு வேண்டுமா என்றுகூட நான் கேட்கவில்லை.

அந்தப் புத்தகத்தை நான் திறக்கவில்லை. அரிசி டப்பாவுக்குப் பின்னால் போட்டேன். மெஷினில் தனியாக நின்றேன். கண்ணை எடுக்காமல் துணியையே பார்த்தேன். திருமூர்த்தி, “இப்பத்தானுங்க நீங்க வேலக்காரரு” என்று புகழ்ந்தார். வைகாசியில் மகன் பிறந்தான். அவனைக் கையில் வாங்கும்போதுகூட, இந்தக் கூரைக்குக் கீழே இவன் பிறக்க யார் வெளியே போனது என்ற நினைப்பு வந்தது. நதியாவிடம் சொல்லவில்லை.

2009 ஆகஸ்டில் ஆர்டர்கள் திரும்ப வந்தன. பாலிதீனை உரித்தார்கள். ஆள் கிடைக்கவில்லை. ஒருநாள் திருமூர்த்தியே கேட்டார்.

“பாண்டியக் கூப்புட்டுப் பாக்கறீங்களா? நடந்தது நடந்துபோச்சுங்க. நல்ல மனுசனுங்க அவரு.”

சாயங்காலம் போன் செய்தேன். எடுத்தான். குரல் கரகரப்பாக இருந்தது. கருவேலங்காட்டில் கரிமூட்டம் போடுகிறானாம், புகை தொண்டையைப் பிடித்துவிட்டதாம்.

“மக எப்படி இருக்கா? பரீட்ச எழுதினாளா?”

“எங்கிட்டு எழுத. பாதியில வந்தா இங்க சேக்க மாட்டேன்னுட்டாங்க. தாராபுரம் பக்கம் ஒரு மில்லு வேலைக்கு ஹாஸ்டல்ல விட்டிருக்கேன். மூணு வருசம் வேல பாக்கணும்.” கொஞ்சம் இருமினான். “புள்ள பெறந்துருச்சாமே? நல்லா இருக்கானா?”

முதலாளி கூப்பிடுவதைச் சொன்னேன். வரவில்லை என்றான். “அந்த மெசினு முன்னால நின்னா எனக்குத் துணி தெரியாதுய்யா. கட்டந்தான் தெரியும்.” பிறகு, போனை வைக்கப் போகிறவன்போல் நிறுத்தி, கேட்டான். “அந்தப் புத்தகத்த அப்பறம் பாத்தியா?”

“இல்ல.”

“பாரு” என்று வைத்துவிட்டான்.

வீட்டுக்குப் போய் அரிசி டப்பாவை நகர்த்திப் புத்தகத்தை எடுத்தேன். அது தானாகவே ஒரு பக்கத்தில் பிரிந்தது. இருநூற்றுப் பதினேழு. நடுவே நாலு விரல் நீளத்துக்குச் சிவப்பு நூல்.

எனக்கு எல்லாம் நினைவு வந்தது. அறுத்த நூலோடு ஓடி வந்து, பாண்டிக்குப் படத்தைக் காட்டிவிட்டு, பக்கம் தவறிவிடக் கூடாது என்று அந்த நூலையே அடையாளம் வைத்துப் புத்தகத்தை மூடி அவன் கையில் கொடுத்தது நான்தான். அவன் அன்றைக்கே திறந்திருக்கிறான். நூலைப் பார்த்திருக்கிறான். விசாரணை நடந்தபோது அது அவன் டிபன் பைக்குள் இருந்திருக்கிறது. எடுத்து மேஜையில் போட்டிருந்தால் போதும்.

படத்துக்குக் கீழே டிக் இல்லை. கோணல் எழுத்தில் பென்சிலால் எழுதியிருந்தான்.

‘ராணி வந்ததும் கறுப்பு யானை வெள்ளை ராஜா பக்கத்திலே வந்து நிக்கும். வெட்டினா கறுப்புக்கு நகர எடமில்லை, ஆட்டம் டிரா. வெட்டாட்டி செக்கு ஓயாது. இது ஜெயிப்பு இல்லை. காலையில் ஜெபத்துக்கிட்டச் சொல்லணும்.’ அதற்குக் கீழே வேறு நாளில் எழுதியதுபோல் அழுத்தமாக இன்னொரு வரி. ‘சொல்லலை. ரொம்பச் சந்தோசமா வந்தான்.’

நான் தரையில் உட்கார்ந்தேன். என் கண்ணைத் துணியிலிருந்து பிடுங்கிய அந்த விடை தப்பு. அதுவும் அவனுக்குத் தெரியும், நூலும் தெரியும். இரண்டையும் வைத்துக்கொண்டுதான் “சரிதான்யா” என்றான், “என் பேருதான்” என்றான். அழுதேன். தொட்டிலில் கிடந்த மகன் விழித்துக்கொண்டான்.

இனி ஒரு நாள்கூடத் தள்ளக் கூடாது என்று எழுந்தேன். இப்போதே அவனிடம் சொல்ல வேண்டும். முதலாளியிடமும் சொல்ல வேண்டும், மகளை மில்லிலிருந்து கூட்டி வந்து இங்கே பள்ளியில் சேர்க்க என்ன வழியென்று பார்க்க வேண்டும். லைன் வீட்டுக்குள் சிக்னல் கிடைக்காது. ரோட்டுமுனை வேப்பமரம்வரை போக வேண்டும். நூறு நூற்றைம்பது அடி தூரம். ‘பாண்டி, நூல் கட்டாதது நான். தெரிஞ்சும் வாயத் தொறக்கல. என்ன மன்னிச்சிரு.’ இதை மனப்பாடம் செய்துகொண்டே நடந்தேன்.

பாதி வழியில், நான் கூப்பிடாமலேயே, பலகை தலைக்குள் வந்து நின்றது. ராணி வந்தால் டிரா. சரி, ராணி வேண்டாம். சிப்பாய் கடைசிக் கட்டத்தில் ராணியாகத்தான் ஆக வேண்டும் என்று யார் சொன்னது? யானையாக ஆனால்? அப்போது கறுப்பு ராஜாவுக்கு நகர ஓர் இடம் கிடைக்கும். இடம் கிடைத்தால் டிரா இல்லை. யானை குறுக்கே வந்தால் தைரியமாக வெட்டலாம். நின்றுவிட்டேன். உடம்பெல்லாம் சிலிர்த்தது, அதே பழைய சிலிர்ப்பு, வெட்கங்கெட்ட சிலிர்ப்பு. பிறகு மீதித் தூரத்தை ஏறக்குறைய ஓடினேன்.

மணி அடித்தது. எடுத்தான்.

“பாண்டி” என்றேன். மூச்சு வாங்கியது. “ராணி வேண்டாம்வே. யானையாக்கினா?”

மறுமுனையில் தூரத்தில் யாரோ அவனைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவது கேட்டது. அவன் இருமி முடிக்க வெகுநேரம் ஆனது.

“இதுக்காகத்தான் போன் பண்ணுனியா, ஜெபம்?”

“ஆமா” என்றேன்.